சுமை ஏறியது எங்கே?



வீட்டில் ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினி ஒன்று இருக்கின்றது. விசைப்பலகை வேலை செய்கின்றது. திரை தெளிவாக உள்ளது. கடிதம் எழுதச் சொன்னால் எழுதுகின்றது. ஆனால் இணையத்தில் செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்தால் மட்டும் நெடுநேரம் திணறுகின்றது. "பழசாகிவிட்டது, புதிது வாங்குவோம்" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர். அதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். கணினியின் வலிமை குறைந்துவிட்டதா? அல்லது அதன் தலையில் ஏற்றப்படும் சுமை கூடிவிட்டதா?

எடை போட்டுப் பார்ப்போம். கணினியில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் பொதுவாக 3 பைட் இடம் பிடிக்கும். அக்கணக்கின்படி, தாங்கள் இப்போது வாசிக்கும் இக்கட்டுரை முழுவதும் 30 கிலோபைட்டுக்கு மேற்படாது. இன்றைய வலைப்பக்கத்தின் எடையோ பொதுவாக 2,000 கிலோபைட்டையும் தாண்டுகின்றது. வாசிப்பதற்குரிய எழுத்து அதில் மிகச் சிறு பகுதியே. எஞ்சியவை படங்கள், அலங்கார எழுத்துருக்கள், விளம்பரங்கள், வாசிப்பவர் எதைப் பார்க்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று வேவு பார்க்கும் நிரல்கள். இந்நிரல்களெல்லாம் நம் வீட்டுக் கணினியிலேயே ஓட வேண்டும். ஒரு பிடி அரிசியை வீடு சேர்க்க ஒரு லாரி வந்து நிற்பது போன்றது இது.

இணையம் வேறு, வலை வேறு என்பதை இங்கே நினைவிற் கொள்வது நன்று. இணையம் என்பது சாலை. வலை என்பது அச்சாலையில் ஓடும் வண்டிகளுள் ஒன்று. அதே சாலையில் வேறு வண்டிகளும் ஓடின, இன்றும் ஓடுகின்றன.

அவற்றுள் ஒன்றன் பெயர் கோஃபர். வளை தோண்டி வாழும் சிறு விலங்கு ஒன்றின் பெயர் அது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக விளையாட்டு அணிகளுக்கும் அதுவே பெயர். அப்பல்கலைக்கழகத்தில் மார்க் மக்கேஹில் தலைமையிலான குழுவினர் 1991-ஆம் ஆண்டில் இம்முறையை உருவாக்கினர். நூலின் பொருளடக்கம் போன்றதொரு பட்டியல் திரையில் வரும். வேண்டிய வரியைத் தேர்ந்தால், கட்டுரையோ அடுத்த பட்டியலோ திறக்கும். அவ்வளவே! அக்காலத்துச் சிறு கணினிகளுக்கு அது இம்மியும் பாரமாக இருக்கவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலையும் வளர்ந்துகொண்டிருந்தது. 1993-ஆம் ஆண்டு இரண்டின் விதியையும் நிர்ணயித்தது. கோஃபர் மென்பொருளைப் பயன்படுத்தும் வணிக நிறுவனங்கள் சிலவற்றிடம் கட்டணம் பெறப்போவதாக மின்னசோட்டா பல்கலைக்கழகம் அவ்வாண்டின் தொடக்கத்தில் அறிவித்தது. செர்ன் நிறுவனமோ ஏப்ரல் 30 அன்று, வலையின் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று எழுத்து மூலம் உறுதி கூறியது. எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிய மொசைக் என்னும் உலாவியும் அவ்வாண்டே வெளிவந்தது. மக்கள் கூட்டம் வலையின் பக்கம் திரும்பிற்று. கோஃபர் ஒதுங்கியது, ஆயினும் மறையவில்லை. ஆர்வலர்கள் சிலர் இன்றளவும் அதனை நடத்தி வருகின்றனர்.

வலை அடைந்த வெற்றியே அதன் சுமைக்கும் வழி திறந்தது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்ற நிலையில், ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஒன்று சேர்ந்துகொண்டே வந்தது. சேர்த்தவற்றுள் நன்மையானவையும் பல. ஆனால், "இதற்கு மேல் வேண்டாம்" என்று சொல்வார் எவருமில்லை.

அப்படிச் சொன்னவர் ஒருவர் 2019-ஆம் ஆண்டில் தோன்றினார். சால்டர்பங்க் என்னும் புனைபெயர் கொண்ட அவர் வகுத்த முறைக்கு ஜெமினி என்று பெயர். ஒருவர் மட்டும் சென்ற மெர்க்குரி விண்கலத்துக்கும், நிலவுக்குச் சென்ற அப்போலோவுக்கும் நடுவே இருவரை ஏற்றிச் சென்றது ஜெமினி விண்கலம். கோஃபரைவிடச் சற்றுக் கூடுதல், வலையைவிட மிகக் குறைவு என்ற நடுநிலையை உணர்த்தவே இப்பெயர். அவ்விண்கலம் முதன்முறையாக மனிதரைச் சுமந்து பறந்த 1965-ஆம் ஆண்டே இம்முறைக்குரிய வாயில் எண்ணாகவும் அமைந்துவிட்டது.

ஜெமினி பக்கத்தில் தலைப்பு, பத்தி, பட்டியல், மேற்கோள், இணைப்பு போன்ற சிலவே உண்டு. ஒருமுறை கேட்டால் ஒரே ஒரு கோப்பு வரும்; கேளாத எதுவும் பின்னால் ஒட்டிக்கொண்டு வராது. வாசிப்பவரை அடையாளம் கண்டு பின்தொடரும் 'குக்கி'களுக்கு அங்கே இடமில்லை. போக்குவரத்து முழுவதும் மறைகுறியாக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் வருகிறவர் புதிய வசதிகளை எளிதில் நுழைத்துவிடாதபடி விதிகள் இறுக்கமாக எழுதப்பட்டன. நிரல் எழுதத் தெரிந்த மாணவன் ஒருவன் ஏறத்தாழ நூறு வரிகளில் தனக்கென ஓர் உலாவியைச் செய்துகொள்ளலாம். இன்றைய வலை உலாவியைத் தனியொருவர் எழுதி முடிப்பதை எண்ணியும் பார்க்க இயலாது.

இனி, கருவியின் பக்கம் வருவோம். 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி விற்பனைக்கு வந்தது. வங்கி அட்டை அளவு. விலை 35 டாலர். நினைவகம் 256 மெகாபைட். பிள்ளைகள் கணினியின் உள்ளமைப்பை அறிந்து பழக வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்றைய கனத்த வலைப்பக்கங்களின் முன் அது தடுமாறும். ஜெமினி, கோஃபர் பக்கங்களையோ அது வாசிப்பது மட்டுமன்று, உலகோர்க்கு வழங்கவும் வல்லது. 1980-களின் கணினிகளுக்கு ஜெமினியின் மறைகுறியாக்கம் பெரும்பாலும் பளுவாகிவிடும். கோஃபரோ அவற்றிலும் இயங்கும்.

இதில் பொழுதுபோக்குக்கு மேற்பட்ட செய்தியும் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான இலவசப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அடுத்த பதிப்புக்குரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாத கணினிகள் பல, நல்ல நிலையில் இருந்தும் ஒதுக்கப்படுகின்றன. ஐக்கிய நாடுகளின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் குவிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே. எஞ்சியதில் ஈயமும் பாதரசமும் உண்டு. அவை மண்ணையும் நீரையும் நஞ்சாக்குகின்றன. அக்கழிவைக் கையால் பிரித்துப் பிழைப்போருள் குழந்தைகளும் உள்ளனர்.

ஆகவே, பழைய கணினியைக் கைவிடுமுன் மூன்று காரியங்களைச் செய்து பார்க்கலாம். நினைவகம் குறைவாயின் கூட்டலாம். சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு, அசையும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. பொருத்தலாம், வேக வேறுபாடு உடனே புலப்படும். லுபுண்டு போன்ற இலேசான இலவச இயங்குதளத்தை நிறுவலாம். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருப்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். எதற்கும் முன்பாக, உள்ளிருக்கும் கோப்புகளைப் பிரதி எடுத்துவிடுங்கள்.

ஜெமினியில் வங்கிக் கணக்கைப் பார்க்க முடியாது. தொடர்வண்டிக்கு முன்பதிவு செய்ய முடியாது. வெளியூரிலிருக்கும் மகனின் முகத்தைக் காண முடியாது. அவற்றுக்கு வலை வேண்டும். வலையை ஒழிக்க வேண்டுமென்று அதன் ஆர்வலர்களும் சொல்வதில்லை. கடிதம், கட்டுரை, குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு செல்ல எவ்வளவு குறைவான பளு போதும் என்பதையே அவர்கள் செய்து காட்டுகின்றனர்.

வீட்டில் கணினியின் மூடியைத் திறந்து பார்க்கத் துடிக்கும் பிள்ளை இருந்தால், "கெடுத்துவிடாதே" என்று விரட்ட வேண்டாம். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, அருகில் அமர்ந்து திறந்து காட்டுங்கள். நினைவகம் எது, வன்தட்டு எது என்று தொட்டுக் காணட்டும். கருவியின் உள்ளே இருப்பதை அறிந்த பிள்ளை, அது திணறும்போது குப்பைத் தொட்டியைத் தேடாது. சுமை எங்கே ஏறியது என்று தேடும்.