நெடுவழியும் மின்மகிழுந்தும்

வழிப்பயணத்தை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த பெருமை தமிழுக்கு உண்டு. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனுக்கு வழி சொல்கிறான். எந்த ஊரில் தங்கலாம், அங்கு என்ன உணவு கிடைக்கும், எவ்விடத்தில் எச்சரிக்கையோடு நடக்க வேண்டும் என்பவற்றை முறையாக எடுத்துரைக்கிறான். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. சென்று வந்தவன் செல்லவிருப்பவனுக்கு உண்மை சொல்லுதலே ஆற்றுப்படையின் உயிர்.

மின்மகிழுந்தைப் பற்றி எழுதப் புகுந்த நாம் ஆற்றுப்படையில் தொடங்குவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். மின்மகிழுந்தில் நெடுந்தொலைவு செல்வது நடைமுறைக்கு ஒத்து வருமா என்று இன்று பலரும் வினவுகின்றனர். அவ்வினாவுக்குரிய விடை வண்டியில் பாதியும் வழியில் பாதியுமாக இருக்கிறது. வழியைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் செய்தி மெய்யாக இருந்தால் பயணம் எளிது. பொய்யாக இருந்தால் சிறந்த வண்டியும் பயனற்றது. இதுவே நம் துணிபு.

தொடக்கத்தில் எல்லாம் அரிதே

பெட்ரோல் வண்டியும் பிறந்த நாளிலேயே நெடுவழிக்கு ஏற்றதாக இருந்துவிடவில்லை. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், செருமனி நாட்டில் பெர்த்தா பென்சு என்னும் பெண்மணி, கணவர் கார்ல் பென்சு உருவாக்கிய வண்டியில் தம் மக்கள் இருவரை ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் நகருக்குச் சென்றார். தொலைவு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. அதுவே உலகில் மகிழுந்தில் நிகழ்ந்த முதல் நெடும்பயணம் என்பர். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது அதை விற்கும் நிலையம் எங்கும் இல்லை. வீஸ்லோக் என்னும் ஊரில் ஒரு மருந்துக் கடையில், துணிக்கறை போக்க விற்கப்பட்ட நீர்மத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்.

அன்று அவ்வழியே சென்ற ஒருவர், 'மருந்துக் கடையை நம்பி ஓடும் வண்டி ஊருக்கு உதவுமா?' என்று ஏளனம் செய்திருந்தால் அதில் பிழை காண முடியாது. ஆயினும் வண்டி நிலைத்தது. வழியெங்கும் எரிபொருள் நிலையங்கள் பின்னர் எழுந்தமையே அதற்குக் காரணம். மின்மகிழுந்தைக் குறை கூறுவோரும் புகழ்வோரும் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நலம்.

கணக்குச் சொல்லும் உண்மை

இனி நம் நாட்டுச் சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து திருச்சி வழியாக மதுரை ஏறத்தாழ 460 கிலோமீட்டர். நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் மின்மகிழுந்து ஒன்றின் மின்கலம் 45 யூனிட் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் என்று கொள்வோம். நெடுஞ்சாலையில் ஒரு யூனிட்டுக்கு ஆறு அல்லது ஏழு கிலோமீட்டர் ஓடும். விற்பனைத் தாளில் அச்சிடப்படும் தொலைவு இதைவிட மிகுதியாக இருக்கும். அஃது ஆய்வுக்கூடத்தின் கணக்கு. காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. எண்பதிலிருந்து நூறுக்கு வேகத்தைக் கூட்டினால் அவ்வெதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடும். ஆகவே நகரத்துக்குள் நெடுநேரம் ஓடும் வண்டி நெடுஞ்சாலையில் விரைவில் களைத்துப்போகிறது.

மின்கலத்தை முற்றிலும் வறண்டுபோக விடாமல் சிறிது எஞ்சும்படி ஓட்டுவதே அறிவுடைமை. அவ்வாறு கணக்கிட்டால், முழுதும் நிரப்பிக்கொண்டு சென்னையை விட்டுப் புறப்படும் வண்டி உளுந்தூர்ப்பேட்டையை அச்சமின்றி அடையும். அங்கு ஒரு முறையும் திருச்சியில் ஒரு முறையும் மின்னேற்றினால் மதுரை எட்டிவிடும் தொலைவே. விரைவு மின்னேற்று நிலையத்தில் ஒவ்வொரு முறையும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். எண்பது விழுக்காட்டுக்கு மேல் மின்னேற்றம் மெதுவாகும் ஆதலின், அவ்வளவில் நிறுத்திப் புறப்படுவதே முறை. ஆக, டீசல் வண்டியில் செல்வதைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கூடுதல். கட்டை வண்டியில் சென்ற நம் முன்னோர், காளைகளை அவிழ்த்து, நீர் காட்டி, வைக்கோல் போட்டு, தாமும் கட்டுச்சோற்றை உண்டு இளைப்பாறிய பின்னரே மீண்டும் பூட்டினர். இவ்விரண்டு மணி நேரத்தை அதனோடு ஒப்பிட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கணக்கு இவ்வாறு இனிதாகவே முடிகிறது. ஆனால் வாழ்க்கையில் கணக்கு எப்போதும் இவ்வாறு முடிவதில்லை.

நாங்கள் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன், நம்மோடு பணியாற்றி ஓய்வு பெற்ற பேராசிரியப் பெருந்தகை ஒருவர் மதுரைக்கு அருகிலுள்ள தம் சொந்த ஊரில் காலமானார். அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் என்று அதிகாலையில் செய்தி வந்தது. சென்னையில் ஒரு நிகழ்ச்சிக்காகச் சென்றிருந்த நாங்கள் நால்வர், உடன் வந்த நண்பரின் மின்மகிழுந்திலேயே புறப்பட்டோம். நேரம் போதும் என்றே கணக்கிட்டோம்.

முதல் நிலையத்தில் இயந்திரத்தின் திரை ஒளிர்ந்தது. மின்சாரம் மட்டும் வரவில்லை. கைப்பேசிச் செயலியோ அந்நிலையம் நல்ல நிலையில் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. காவலாளி வந்து, 'நேத்துலேர்ந்து ஓடலீங்க அய்யா' என்றார். அவர் மீது குற்றமில்லை. உண்மை சொன்னவர் அவர் ஒருவரே. அடுத்த நிலையம் வரை மின்கலம் தாங்க வேண்டும் என்பதற்காகக் குளிரூட்டியை நிறுத்தினோம். வேகத்தையும் பாதியாகக் குறைத்தோம். சித்திரை வெயில். எங்களுள் மூத்தவர் பின்னிருக்கையில் அமர்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, ஒரு சொல்லும் சொல்லாமல் வந்தார். அடுத்த நிலையத்தில் இயந்திரம் ஒன்றுதான். எங்களுக்கு முன்னே இரண்டு வண்டிகள் காத்திருந்தன.

நாங்கள் ஊரைச் சேர்ந்தபோது மையவாடியிலிருந்து மக்கள் திரும்பிக்கொண்டிருந்தனர். ஈர மண்ணின் அருகே நின்று சலாம் சொல்லி, அவருக்காக இறைஞ்சிவிட்டுத் திரும்பினோம். 'முகத்தையாவது பார்த்திருக்கலாம்' என்று மூத்தவர் கூறியது ஒன்றே அன்று அவர் வாயிலிருந்து வந்த சொல்.

மறுநாள் அதே வண்டியில், அதே சாலையில் மீண்டோம். இம்முறை அவசரம் இல்லை. நின்ற இடங்களில் இயந்திரங்கள் ஒழுங்காக இயங்கின. தேநீர் அருந்தியவாறு மறைந்த ஆசிரியரைப் பற்றிப் பேசினோம். ஆற்றுப்படை நூல்களை அவர் பாடம் சொல்லிய திறம் நினைவுக்கு வந்தது. வள்ளலின் புகழைவிட வழியின் செய்தியையே மாணவர் ஊன்றிக் கற்க வேண்டும் என்று அவர் அடிக்கடி வற்புறுத்துவார். ஒரே வண்டி, ஒரே சாலை. முதல் நாள் துன்பம், மறுநாள் இன்பம். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்னும் சிந்தனையே இக்கட்டுரைக்கு வித்து.

நெடும்பயணம் என்றால் உல்லாசப் பயணம் என்றே பலரும் எண்ணுகின்றனர். நம் குடும்பங்களில் நெடும்பயணம் பெரும்பாலும் மருத்துவமனையை நோக்கியது. மகளின் பேறுகாலத்தை நோக்கியது. மறைந்தவரின் முகத்தை நோக்கியது. இத்தகைய பயணங்களில் நேரம் நம் கையில் இல்லை. ஒரு வண்டியை நடைமுறைக்கு ஏற்றது என்று சொல்ல வேண்டுமாயின், இந்நாள்களிலும் அது கைகொடுக்க வேண்டும்.

பிறர் செய்து காட்டியது

அவ்வாறு கைகொடுக்கச் செய்தல் இயலும் என்பதற்கு நார்வே நாடே சான்று. பனியும் மலையும் நிறைந்தது அந்நாடு. கடுங்குளிரில் மின்கலத்தின் ஆற்றல் வெகுவாகக் குறையும். அத்தகைய நாட்டில் 2024ஆம் ஆண்டு புதிதாகப் பதிவான மகிழுந்துகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 முழு மின்மகிழுந்துகள். வரிச்சலுகை இதற்கு ஒரு காரணம். நெடுஞ்சாலை நெடுகிலும் அரசின் துணையோடு எழுந்த மின்னேற்று நிலையங்கள் மற்றொரு காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய ஒழுங்குமுறை, முதன்மைச் சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்கிறது. புதிய விரைவு நிலையங்களில் வங்கி அட்டையைக் காட்டியே பணம் செலுத்த வழி இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது.

நம் நாட்டிலும் நெறிமுறைக்குக் குறைவில்லை. நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்று நடுவண் மின்துறை அமைச்சகம் 2018ஆம் ஆண்டு டிசம்பரிலேயே அறிவித்தது. தமிழ்நாடு அரசும் 2019இலும் 2023இலும் மின்வாகனக் கொள்கைகளை வெளியிட்டது. நிலையங்கள் பெருகியும் வருகின்றன. எனினும் எண்ணிக்கையை மட்டும் பெருக்கினால் போதாது. இயங்காத நிலையத்தை இயங்குவதாகக் காட்டுதல், நிலையமே இல்லாமையைவிடத் தீது. இல்லை என்று அறிந்தால் பயணி வேறு வழி தேடுவான். உண்டு என்று நம்பி வந்தவனுக்கு அவ்வழியும் இல்லை.

செய்ய வேண்டுவன

ஒவ்வொரு நிலையத்தின் உண்மை நிலையும் பயணி வீட்டைவிட்டுப் புறப்படும் முன்பே அறியும்படி இருத்தல் வேண்டும். பழுதை மறைப்பது தண்டத்திற்குரிய குற்றமாக வேண்டும். நிறுவனத்துக்கு ஒரு செயலி என்னும் நிலை மாறி, எந்நிலையத்திலும் ஒரே முறையில் பணம் செலுத்தும் எளிமை வேண்டும். ஓரிடத்தில் ஓர் இயந்திரம் என்பது போதாது. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவ வேண்டும். நிழல், குடிநீர், பெண்களும் முதியோரும் தயங்காமல் பயன்படுத்தும் கழிப்பறை, இரவில் விளக்கு ஆகியவை ஒரு மணி நேரம் காத்திருப்போர்க்கு இன்றியமையாதன.

அரசை மட்டும் நோக்கி நிற்றலும் முறையன்று. 1540 முதல் 1545 வரை ஆண்ட சேர்சா வடநாட்டுப் பெருஞ்சாலைகளில் சராய்களை எழுப்பினார். மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் தென்னாட்டுச் சாலைகளில் சத்திரங்களை அமைத்தார். மதுரை இரயில் நிலையத்தின் எதிரே அவர் பெயர் தாங்கிய சத்திரம் இன்றும் உள்ளது. மன்னர் மட்டுமன்றி, வணிகரும் ஊர்ப் பெரியோரும் தண்ணீர்ப் பந்தல் வைத்த மண் இது. நெடுஞ்சாலையோரக் கல்லூரிகளும் திருமண மண்டபங்களும் வழிபாட்டிடங்களும் உணவகங்களும், பதினைந்து ஆம்பியர் மின்செருகி ஒன்றையாவது உரிய கட்டணத்தில் வழிப்போக்கருக்குத் திறந்துவிடலாம். ஓர் இரவு முழுதும் அதில் மின்னேற்றினால் மறுநாள் இருநூறு கிலோமீட்டர் செல்ல முடியும். இக்காலத்துத் தண்ணீர்ப் பந்தல் இதுவேயாகும்.

அதுவரை நம் வாசகர்க்கு நாம் கூறும் ஆற்றுப்படை இது. வீட்டில் மின்னேற்றும் வசதியும், அன்றாடம் சென்று திரும்பும் பணியும் உடையவர்கள் மின்மகிழுந்தைத் தயங்காது வாங்கலாம். அவசரமில்லாத நெடும்பயணத்தையும் முன்கூட்டியே திட்டமிட்டு அதில் மேற்கொள்ளலாம். ஒரே வண்டியை நம்பியிருப்போரும், வீட்டில் நோயாளர் உள்ளோரும் தம் ஊர்ச் சாலையின் நிலையங்களை நேரில் கண்டறிந்த பின்னரே முடிவு செய்க. சென்று வந்தவர்கள் தாம் கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் பிறருக்குச் சொல்லுக. வண்டியை விற்பவர் சொல்லும் தொலைவைவிட அச்சொல் பெரிதும் பயன்படும்.

மின்மகிழுந்து நெடுவழியில் ஓடும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அடுத்த முறை ஒரு நல்லாசிரியரின் முகத்தை இறுதியாகக் காணப் புறப்படுவோரும் அதனை நம்பி ஏறும் காலம் வர வேண்டும். நிலையம் அமைப்பவரும் ஆட்சி செய்பவரும் வழியைப் பற்றிய உண்மையைச் சொல்லப் பழகினால், அக்காலம் தொலைவில் இல்லை.