கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சா? பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள்!

நடுக்கடலில் என்ஜின் நின்று விட்டால் என்ன செய்வார்கள்?

"மெக்கானிக் வரட்டும்" என்று காத்திருக்க முடியுமா? கடலில் மெக்கானிக் ஏது?

படகு டிரைவர் மூடியைத் திறப்பார். டீசல் வருகிறதா என்று பார்ப்பார். குழாயில் காற்று அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். வடிகட்டியில் அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒவ்வொன்றாகப் பார்த்தால் கோளாறு அகப்பட்டு விடும். என்ஜின் ஓடும். படகு கரை சேரும்.

புதுக்கோட்டை மாவட்டம் ஜெகதாப்பட்டினத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியது இல்லை. விசைப்படகுகள் நிறைந்த மீனவர் ஊர் அது. என்ஜினுக்குப் பயப்படுகிறவர் அங்கே தொழில் செய்ய முடியாது.

ஆனால் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் நம் ஜனங்களுக்கு ஏனோ ஒரு பயம். என்ஜினைப் பிரித்து மாட்டுகிற அப்பா கூட, மகளின் லேப்டாப் "ஆன்" ஆகவில்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "தொடாதே, ஷாக் அடிக்கும்!" என்கிறார் பாட்டி. கடைசியில் அதைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டி விடுகிறார்கள்.

இது தவறு!

கம்ப்யூட்டருக்கு வரும் சாதாரணக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே சரி செய்யலாம். பத்தாம் வகுப்புப் படித்த பெண் பிள்ளை செய்யலாம். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட தாயாரும் செய்யலாம். அதற்கு வேண்டியது பட்டம் அல்ல, பொறுமை.

பீரோவில் தூங்கும் படிப்பு

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு லட்சக்கணக்கான மாணவ, மாணவிகள் லேப்டாப் பெற்றார்கள். 2025 மார்ச் மாதம் வந்த பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு 2 ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் கொடுக்கப்படும் என்று மறுபடியும் அறிவிப்பு வந்தது.

கொடுப்பது நல்ல காரியம். ஆனால் கொடுத்த பொருள் கெட்டால் சரி செய்யத் தெரிய வேண்டாமா?

இன்று கல்லூரியில் சேர விண்ணப்பம் கம்ப்யூட்டரில். உதவித்தொகைக்கு மனு கம்ப்யூட்டரில். அரசு வேலைப் பரீட்சைக்குப் பதிவு கம்ப்யூட்டரில். எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி உண்டு. லேப்டாப் ஒரு வாரம் படுத்து விட்டால், ஒரு வருடப் படிப்பே போய் விடக் கூடும்.

கடலோர ஊரில் இருப்பவர்கள் ரிப்பேருக்கு அறந்தாங்கிக்கோ, புதுக்கோட்டைக்கோ பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் கூலி போகும். பஸ் செலவு வேறு. அங்கே போனால் சில சமயம் ஒயரைச் சரியாகச் செருகியவுடனே லேப்டாப் எரியும்! அந்த ஒரு நிமிட வேலையை வீட்டிலேயே செய்திருக்கலாம்.

பூச்சி பிடித்த கதை

கம்ப்யூட்டர் என்பது மந்திரப் பெட்டி அல்ல. ஓர் உண்மைக் கதையைக் கேளுங்கள்.

1947-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் "மார்க்-2" என்ற பெரிய கம்ப்யூட்டர் தகராறு செய்தது. அங்கே இருந்தவர்கள் உள்ளே தேடிப் பார்த்தார்கள். சுவிட்சுகளுக்கு நடுவே ஒரு விட்டில் பூச்சி செத்துக் கிடந்தது! அதை எடுத்து, குறிப்பு நோட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்த நோட்டு இன்றும் அமெரிக்கப் பொருட்காட்சி சாலையில் பத்திரமாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் கோளாறை ஆங்கிலத்தில் "பக்" என்கிறார்களே, அதற்குப் பூச்சி என்றுதான் பொருள். எந்திரக் கோளாறுக்கு அந்தப் பெயர் முன்பே உண்டு. அன்று நிஜமான பூச்சியே அகப்பட்டது.

அவர்கள் என்ன செய்தார்கள்? பயப்படவில்லை. தேடிப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்

கம்ப்யூட்டர் தகராறு செய்தால் முதலில் நீங்களே சில கேள்விகள் கேளுங்கள்.

கரண்டு வருகிறதா? அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். போன் சார்ஜ் ஆகவில்லை என்றால் கோளாறு பிளக்கில்தான்.

ஒயர் சரியாக இருக்கிறதா? லேப்டாப் சார்ஜரின் ஒயர் மடங்கும் இடத்தில் உள்ளே அறுந்து போவது சகஜம். அதே மாதிரி வேறு சார்ஜர் கிடைத்தால் மாட்டிப் பாருங்கள். வோல்ட் கணக்கு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அதுவும் சரி என்றால் சார்ஜரைக் கழற்றுங்கள். பாட்டரி கழற்றக் கூடியதாக இருந்தால் அதையும் கழற்றுங்கள். "ஆன்" பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் இறங்கி விடும். பிறகு மாட்டிப் போடுங்கள். செத்ததாக நினைத்த எத்தனையோ லேப்டாப்புகள் இப்படி எழுந்திருக்கின்றன.

கம்ப்யூட்டர் ஓடும்போது அப்படியே உறைந்து நின்று விட்டால்? அணைத்துப் போடுங்கள். இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் இது பெரிய வைத்தியம்.

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி, ஒரு பாதுகாப்பு கம்பெனி அனுப்பிய தவறான புரோகிராமால், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்து விட்டன. விமானங்கள் நின்றன. இந்தியாவில் விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதிச் சீட்டு கொடுத்தார்கள். அப்போது மைக்ரோசாப்ட் கம்பெனி சொன்ன யோசனைகளில் ஒன்று என்ன தெரியுமா? அணைத்து அணைத்துப் போட்டுப் பாருங்கள், 15 தடவை வரை கூடத் தேவைப்படலாம் என்பதுதான்!

சாதாரணமாக அணைத்துப் போடுவது ஏன் பலிக்கிறது? ஓடிக்கொண்டே இருக்கும் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவில் குப்பை சேருகிறது. அணைத்தால் அந்த நினைவு காலியாகி விடும். மறுபடியும் புதிதாகத் தொடங்கும்.

ஆமை வேகத்தில் ஓடுகிறதா? இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சினிமாப் படங்களை அடைத்து வைத்தால் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டும். ஐந்தில் ஒரு பங்கு இடமாவது காலியாக இருக்கட்டும்.

பாங்கி பக்கம் திறக்க மறுக்கிறதா? மூலையில் தெரியும் தேதியைப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முந்திய தேதியைக் காட்டினால், உங்கள் கம்ப்யூட்டர் பாங்கியின் பக்கத்தை நம்பாது. தேதியைத் திருத்துங்கள். தினமும் தேதி மாறிப் போனால், உள்ளே இருக்கும் காசு போன்ற சின்ன பாட்டரி தீர்ந்து விட்டது என்று அர்த்தம். மேஜைக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் 2032 என்ற எண் போட்ட பாட்டரிதான் இருக்கும். வாங்கி மாற்றி விடலாம்.

உப்புக் காற்றும் தூசியும்

கடலோர ஊர்களில் கம்ப்யூட்டருக்குத் தனி எதிரி ஒன்று உண்டு. அது உப்புக் காற்று. ஜன்னல் கம்பியைத் துரு பிடிக்க வைக்கும் காற்று, கம்ப்யூட்டரின் இணைப்புகளை மட்டும் விட்டு வைக்குமா?

லேப்டாப்பைக் கடல் பார்த்த ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் மூடி, பையில் போட்டு வையுங்கள். ஆனால் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். வாரம் ஒரு முறையாவது ஓட்டுங்கள். சும்மா கிடக்கும் பாட்டரி செத்துப் போகும்.

மேஜைக் கம்ப்யூட்டர் படம் காட்டாமல் "பீப், பீப்" என்று கத்தினால், நினைவுப் பட்டை சரியாக உட்காராமல் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்குங்கள். மூடியைத் திறந்து பட்டையைக் கழற்றுங்கள். அதன் விளிம்பை, பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, மறுபடியும் அழுத்தி மாட்டுங்கள்.

கம்ப்யூட்டர் கொதித்துத் தானாக அணைந்து போனால், காற்றாடியில் தூசி அடைத்திருக்கும். மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். லேப்டாப்பை மெத்தையின் மேலும் தலையணையின் மேலும் வைக்காதீர்கள். அதன் மூக்கை அடைப்பதற்குச் சமம் அது.

காபியோ தண்ணீரோ கொட்டி விட்டால், உடனே அணைத்து, ஒயரைப் பிடுங்கிக் கவிழ்த்து வையுங்கள். இரண்டு நாளாவது காயட்டும். "ஆன் ஆகிறதா பார்ப்போம்" என்று அவசரப்படக் கூடாது. அரிசிப் பானையிலும் வைக்க வேண்டாம். நனைந்த ஐபோனை அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிள் கம்பெனியே 2024-ல் எச்சரித்திருக்கிறது. கடல் தண்ணீர் பட்டு விட்டால் மட்டும் காத்திருக்காதீர்கள். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளே தங்கி அரிக்கும். அன்றே மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.

எதைத் தொடக் கூடாது?

தைரியம் வேண்டும். ஆனால் அசட்டுத் தைரியம் கூடாது.

லேப்டாப்பின் பாட்டரி உப்பி இருந்தால் அதை அமுக்காதீர்கள். குத்தாதீர்கள். தீப்பிடிக்கும். அதை ஓட்டாமல், சார்ஜ் போடாமல், கடையில் கொண்டு போய்க் கொடுங்கள்.

மேஜைக் கம்ப்யூட்டரில் கரண்டு ஒயர் போய்ச் சேரும் இரும்புப் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கி இருக்கும். புகை வந்தாலும், கருகிய வாடை வந்தாலும் தொடாதீர்கள். உத்தரவாதக் காலம் முடியாத கம்ப்யூட்டரையும் பிரிக்க வேண்டாம். கம்பெனி செலவில் சரி செய்து வாங்குங்கள்.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை! "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது. நாங்கள் சரி செய்கிறோம்" என்று யாராவது போன் செய்தால் வைத்து விடுங்கள். எந்த நல்ல கம்பெனியும் கேட்காமல் அப்படிப் போன் செய்வது இல்லை. அவர்கள் சொல்லும் எதையும் கம்ப்யூட்டரில் ஏற்றாதீர்கள். ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள். ஏமாந்து பணம் போய் விட்டால், வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பழையது என்றால் குப்பையா?

"இது பழைய லேப்டாப். இனி உதவாது" என்று சிலர் சொல்வார்கள்.

விண்டோஸ்-10 வைத்திருப்பவர்களுக்கு, 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் வழக்கமான இலவசப் பாதுகாப்பை நிறுத்தி விட்டது உண்மைதான். பாதுகாப்பு இல்லாமல் ஓட்டுவது ஆபத்து என்பதும் உண்மை. 2017 மே மாதம் "வான்னாகிரை" என்ற வைரஸ் 150-க்கு மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதற்கு மருந்து இரண்டு மாதம் முன்பே வந்து விட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

ஆனால் அதற்காக லேப்டாப்பைத் தூக்கி எறிய வேண்டுமா? லினக்ஸ் என்ற இலவச முறை இருக்கிறது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய "பாஸ்" என்பதும் லினக்ஸ் வகைதான். இவற்றில் புதிய பதிப்பைப் போட்டால், பல பழைய லேப்டாப்புகள் படிப்பு வேலைக்கு இன்னும் சில வருடம் உழைக்கும். மாற்றும் முன்பு எல்லாவற்றையும் பென் டிரைவில் நகல் எடுத்து விடுங்கள்.

நகல் எடுப்பது எப்போதுமே நல்லது. 2018 நவம்பர் 16-ந் தேதி அடித்த கஜா புயலைப் புதுக்கோட்டை மாவட்டம் மறக்காது. வீடுகள் சாய்ந்தன. பல நாள் கரண்டு இல்லை. அப்படிப்பட்ட கடற்கரையில் வாழ்கிறவர்கள், சான்றிதழ்களையும் குடும்பப் படங்களையும் ஒரே பெட்டியில் நம்பி வைக்கலாமா? ஒரு நகல் உறவினர் வீட்டில் இருக்கட்டும். அரசின் டிஜிலாக்கரில் சான்றிதழ்களைச் சேர்த்து வையுங்கள்.

அறுபத்தொரு நாள் பாடம்

"நாம் தொட்டால் இன்னும் கெட்டு விடும். படித்தவர்கள் பார்க்கட்டும்" என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒயரைச் சரி பார்ப்பதாலும், தூசி தட்டுவதாலும், அணைத்துப் போடுவதாலும் கம்ப்யூட்டர் கெடாது. தெரியாமல் பயந்து ஒதுங்குவதால்தான் பீரோவிலேயே கெடுகிறது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. அந்த நாட்களில் படகுகளைக் கரை ஏற்றிப் பலகை பார்க்கிறார்கள். வர்ணம் அடிக்கிறார்கள். என்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்கிறார்கள். அதே சமயத்தில்தான் பள்ளிக்கூடங்களுக்கும் கோடை விடுமுறை.

அந்த விடுமுறையில் பள்ளிக்கூடங்களே ஒரு வாரம் ரிப்பேர் வகுப்பு நடத்தலாம். கம்ப்யூட்டரை ஓட்ட மட்டும் சொல்லிக் கொடுப்பது அரைப் பாடம். கெட்டால் சரி செய்யவும் சொல்லிக் கொடுத்தால்தான் முழுப் பாடம். அந்த வகுப்பில் முதல் வரிசையில் பெண் பிள்ளைகள் உட்கார வேண்டும். "பெண்ணுக்கு எதற்கு ஸ்குரூ டிரைவர்?" என்று கேட்கிற காலம் போய் விட்டது. வீட்டில் கம்ப்யூட்டரை அதிகம் நம்பி இருப்பவள், படிக்கும் மகள்தான்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். அப்பா என்ஜினை எப்படிப் பார்க்கிறார் என்பதை மகளுக்குச் சொல்லட்டும். மகள் லேப்டாப்பை எப்படிப் பார்ப்பது என்று அப்பாவுக்குச் சொல்லட்டும். இரண்டுக்கும் முறை ஒன்றுதான். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

 பீரோவைத் திறந்து அந்த லேப்டாப்பை வெளியே எடுங்கள்!