பார்மேட் பண்ணச் சொல்ற புண்ணியவான்களுக்கு...

அழகர்கோவிலுக்கு மொட்டை போட, காது குத்தன்னு வேன் வேனா வர்ற சனம் கேமராவும் கையுமாத்தான் வருது. வீட்டுக்குப் போய் மெமரி கார்டைச் சொருகினா, பார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்னு விண்டோஸ் சொல்லுது. கடைக்கு ஓடினா அங்க இருக்கற அண்ணனும் அதையேதான் சொல்றாரு. "எல்லாம் போச்சு தம்பி, பார்மேட் போட்ருவோம்."

எதுண்ணே போச்சு?

கார்டையே கம்ப்யூட்டர் கண்டுக்கலைன்னா வேற கதை. மத்தபடி இந்த மாதிரி நேரத்துல பெரும்பாலும் கெட்டுப்போனது படம் இல்லை மக்களே. எந்தப் படம் எங்க இருக்குன்னு குறிச்சு வச்ச அட்டவணைதான். பதினெட்டாம்படி கருப்பர் சன்னதிக் கதவு சாத்தித்தான் இருக்கும். அதுக்காக உள்ள கருப்பர் இல்லைன்னு எங்க ஊர்ல எவனாவது சொல்லுவானா?

குவிக் பார்மேட் போட்டா அட்டவணையில மிச்சமிருந்த தடயமும் காலி. முழு பார்மேட் போட்டா, 2007ல வந்த விஸ்டாவிலிருந்து விண்டோஸ் முழு டிஸ்க்லயும் பூஜ்யத்தை எழுதிடும். அப்புறம் அழகரே மலையிறங்கி வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது :-)

கொஞ்சம் விவரமானவங்க செக்டிஸ்க் ஓட்டுவாங்க. அதுவும் ஆபத்துதான். அதோட வேலை அட்டவணையை ஒழுங்கு பண்றது, உங்க படத்தைக் காப்பாத்தறது இல்லை. கணக்கு இடிச்சா ஃபைலைத் துண்டாக்கி, சிஎச்கேன்னு ஒரு பேர் வச்சு மூலையில போட்டுட்டுப் போயிடும்.

அப்ப என்னதான் செய்யறது? கார்டுல ஒரு எழுத்துகூட எழுதாதீங்க. ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ வச்சு முழு நகல் எடுங்க. எல்லா வித்தையையும் அந்த நகல்ல காட்டுங்க. ஃபேட்32ல அட்டவணைக்கு வழக்கமா ரெண்டு பிரதி உண்டு, ஒண்ணு போனா இன்னொண்ணு. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள்ல வர்ற எக்ஸ்ஃபேட்ல பொதுவா ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் போச்சா? கிறிஸ்டோஃப் கிரெனியர் எழுதின ஃபோட்டோரெக் இருக்கு, இலவசம். அது அட்டவணையைச் சீண்டாது. ஒவ்வொரு ஜேபெக் படமும் எஃப்எஃப் டி8 எஃப்எஃப்னு ஆரம்பிக்கும். அந்த அடையாளத்தைத் தேடித் தேடிப் படத்தை அள்ளிட்டு வந்துடும். ஃபைல் பேர் போயிடும், சிதறிக் கிடக்கிற ஃபைல் சரியா வராது. பேர் இல்லைன்னா பிள்ளையோட மொட்டைப் படம் குறைஞ்சா போயிடும்?

நகலெடுக்கவே மணிக்கணக்கா ஆகும், கடையில கூட்டம் நிக்குதுன்னு சொல்வீங்க. நியாயம்தான். அப்படின்னா எனக்கு நேரமில்லைன்னு சொல்லி கார்டைத் திருப்பிக் குடுங்க. "போச்சு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. நீங்க அந்தப் பட்டனைத் தட்டற வரைக்கும் அது போகலை.