ஆண்டும் முதிர்வும்

ஒருவனை நோக்கி, ‘உனக்கு வயது என்ன?’ என்று வினவுவார் பலர். ‘நீ எவ்வளவு முதிர்ந்தனை?’ என்று வினவுவார் அரியர். முன்னதற்கு விடை பள்ளிச் சான்றிதழில் உளது. பின்னதற்கு விடை எங்கே எழுதப்பட்டுளதென எவரும் அறியார். இவ்விரு வினாக்களும் ஒன்றல்ல என்பதைச் சென்ற விடுமுறையில் திருவண்ணாமலையில் யாங்கள் ஆடிய ஒரு விளையாட்டு எமக்கு உணர்த்திற்று. விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்து அறவுரை கூறுகின்றான் என நண்பர்கள் நகைக்கலாம். நகைத்தபின் சிறிது எண்ணிப் பார்ப்பாராயின் அதுவே எனக்குப் போதும்.

மாணவர் நால்வர் கிரிவலம் செய்யக் கருதி, ரமணாசிரமத்துக்கு அருகே செங்கம் சாலையினின்று பிரியும் ஒரு தெருவில், சிறு வீடொன்றில் மூன்று நாள் தங்கியிருந்தோம். முதல் நாள் மாலை பெருமழை பொழிந்தது. மலையும் மறைந்தது, விளக்கும் அணைந்தது. மெழுகுவத்தியின் ஒளியில், ஒரு நண்பன் தன் பையினின்று இருபது முகங்களையுடைய பகடையொன்றை எடுத்து வைத்தான். அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 1974 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டுக்கு உரிய பகடை அது. அவ்விளையாட்டில் பலகையும் காய்களும் இன்றியமையாதன அல்ல. ஒருவன் கதையை நடத்துவான். ஏனையோர் அக்கதையில் வரும் வீரராகவும் மந்திரவாதியாகவும் தம்மைப் பாவித்துப் பேசுவர். செய்யத் துணிந்த செயல் கைகூடுமா, கூடாதா என்பதைப் பகடை தீர்க்கும்.

இக்கதையுலகில் எல்ஃப் என்றொரு கற்பனை இனம் உண்டு. உருவில் மானிடரை ஒத்தவர், அழகு மிக்கவர், நெடுங்காலம் வாழ்பவர். எங்களுள் ஒருவன் எல்ஃப் வேடம் பூண்டு, தனக்கு வயது அறுபது என்றான். உடனே வழக்கு எழுந்தது. ‘எழுநூறு ஆண்டு வாழ்பவனுக்கு அறுபது என்பது நம் கணக்கில் ஆறு வயது. பால்குடி மறந்த பிள்ளை வாளேந்திப் போர் செய்வானோ?’ என்றான் ஒருவன். ‘அறுபது ஆண்டு உலகைக் கண்டவன் எங்ஙனம் பிள்ளையாவான்? நம் பாட்டனார் அறுபதாம் ஆண்டு நிறைவை மணிவிழாவாகக் கொண்டாடினாரே!’ என்றான் மற்றொருவன். மழை நின்ற பின்னும் வழக்கு நிற்கவில்லை.

அவ்விளையாட்டின் நூல்கள் கூறுவது யாது? 2014 ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, எல்ஃபுகளின் உடல் மானிடர் உடலை ஒத்த வயதிலேயே வளர்ச்சி முற்றுகின்றது. ஆயினும் உடல் வளர்ந்தமையால் மட்டும் ஒருவன் பெரியவன் ஆனான் என்று அவ்வினத்தார் ஒப்புவதில்லை. உலகில் பலவும் கண்டு பட்டறிந்த பின்னர், ஏறக்குறைய நூறாம் ஆண்டில், அவன் தன்னைப் பெரியவன் என்று கூறிக்கொண்டு புதுப்பெயர் சூடுகின்றான். வாழ்நாள் எல்லை எழுநூற்றைம்பது ஆண்டு. இவ்வினத்தைக் கதைகளில் வாழவைத்த ஆங்கிலப் புலவர் டோல்கீன் (1892–1973) கொண்ட கருத்து வேறு. அவர் எழுத்தின்படி எல்ஃபு மக்களின் உடலே மெல்ல வளர்வது. ஐம்பது ஆண்டாயினும் ஆகும், சிலர்க்கு நூறும் ஆகும். உள்ளமோ விரைந்து வளர்வது. ஓராண்டு நிறையுமுன் அக்குழவிகள் பேசவும் நடக்கவும் வல்லன.

2018 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு துணைநூல் இன்னும் நுட்பமான செய்தியொன்றைச் சேர்த்தது. எல்ஃபுகள் நம்மைப் போல் உறங்குவதில்லை. ஒருவகை மோன நிலையில் அமர்ந்து இளைப்பாறுவர். இளம் பருவத்தில் அந்நிலையில் அவர்க்குத் தோன்றுவன தம் நினைவுகள் அல்ல. ஆன்மாவின் பண்டை நினைவுகள். ஒருநாள், தான் இப்பிறவியில் விழித்திருந்து கண்ட ஒன்று முதன்முதலாக அம்மோனத்தில் நினைவாக எழும். அன்றோடு அவன் பிள்ளைமை முடிந்தது என்பர்.

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஏனெனில், யான் இக்கல்லூரியில் இப்பாடத்தை ஏன் எடுத்தேன் என்று எவரேனும் கேட்டால், என் மாமா கூறிய காரணத்தையே என் காரணமாக மூன்றாண்டுகளாகக் கூறி வருகின்றேன். அஃது என் நினைவன்று, அவர் நினைவு. எல்ஃபுகளின் அளவுகோலால் அளந்தால் யான் இன்னும் பிள்ளையே.

கற்பனைக் கதைக்கு இவ்வளவு இடம் தரலாமோ எனின், இக்கேள்வி மேனாட்டார்க்கு மட்டும் உரியதன்று என்பேன். நம்மவர் இதனை நெடுங்காலம் முன்னரே எண்ணியுள்ளனர். திருமூலர் மூவாயிரம் ஆண்டு யோகத்தில் அமர்ந்து, ஆண்டுக்கொரு பாட்டாக மூவாயிரம் பாடினார் என்று பெரியபுராணம் கூறும். நீண்ட ஆயுளின் பயன் சோம்பியிருத்தலன்று, ஒரு சொல்லை ஓராண்டு எண்ணிச் சொல்லுதல் என்பதே அக்கதையின் கருத்தென யான் கொள்கின்றேன். மார்க்கண்டேயர்க்கோ என்றும் பதினாறு. ஒளவையார் மணவாழ்க்கையினின்று விடுபட வேண்டி, இளமையிலேயே முதுமையை வரமாகப் பெற்றார் என்பது செவிவழிக் கதை. இளம்பெண் தனித்து நின்று அறிவுரை கூறினால் உலகம் கேளாது. நரைத்தவள் கூறினால் கேட்கும். அக்கதையில் ஒரு வருத்தமும் ஒளிந்துளது.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் பருவங்களைப் பத்தாக வகுத்தனர். மாதக் கணக்கும் இலக்கணத்தில் உண்டு. எனினும் அப்பருவங்களின் பெயர்களைப் பாருங்கள். தலையெடுத்து அசைந்தால் செங்கீரை, கைகொட்டினால் சப்பாணி, நடந்து வந்தால் வருகை, நிலவை அழைத்தால் அம்புலி. குழந்தை யாது செய்ய வல்லதாயிற்று என்பதே பருவத்துக்குப் பெயராயிற்று. எத்தனை மாதம் ஆயிற்று என்பதன்று. இவ்வளவு நுட்பமாகக் குழந்தையை அளந்த நாம், இருபது வயது இளைஞனை அளக்க மட்டும் எண்ணையே நம்பியிருக்கின்றோம்.

மறுநாள் காலை வானம் வெளுத்தது. ஆசிரமத்துக்கு அணித்தாகச் சாலையோரத்தில் தட்சிணாமூர்த்தி கோயில் ஒன்றுண்டு. ஆங்கு நின்றபோது முதல் நாள் வழக்கு மீண்டும் எழுந்தது. ஆலின்கீழ் அமர்ந்த ஆசிரியர் இளைஞர். அடியில் அமர்ந்த மாணாக்கர் முதியர். ‘கண்டீரோ! வயது ஒரு பொருட்டன்று. இவ்வூரில் வாழ்ந்த ரமணரே சான்று’ என்றான் அறுபது வயது எல்ஃபாக ஆடியவன்.

அவன் கூற்றில் உண்மை உண்டு. 1879 டிசம்பர் 30 ஆம் நாள் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்னும் அவ்விளைஞர், மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர். நம்மைப் போன்றே மிஷன் பள்ளி மாணவர். 1896 ஜூலையில், தம் பதினாறாம் வயதில், தாம் இறப்பதாக ஓர் அச்சம் எழ, ‘இறப்பது யாது?’ எனத் தமக்குள் ஆராய்ந்தார். அடுத்த சில வாரங்களில், அண்ணனுடைய கல்லூரிச் சம்பளத்துக்கென வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு வீட்டினின்று நீங்கினார். செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். 1907 ஆம் ஆண்டில் அவர்க்கு ரமண மகரிஷி என்னும் பெயரைச் சூட்டிய காவிய கண்ட கணபதி முனிவர், அவரினும் வயதில் மூத்தவர். இளைய ஆசிரியரும் மூத்த மாணாக்கரும் கல்லில் மட்டும் உள்ளவர் அல்லர் என்பது மெய்.

ஆயினும் என் நண்பன் கதையின் முற்பாதியை மட்டுமே படித்தான் என்பது என் கருத்து. பதினாறு வயதில் தோன்றிய தெளிவு அவ்வுடலைப் பேணவில்லை, பிறரே பேணினர். பாதாள லிங்கத்தடியில் அமர்ந்திருந்தபோது பூச்சிகள் அவர் தொடையை அரித்தன. கல்லெறிந்த சிறுவரிடமிருந்து அவரைக் காக்கச் சேஷாத்திரி சுவாமிகள் முயன்றார். பழனிசாமி என்னும் அன்பர் உடனிருந்து தொண்டு செய்தார். 1898 டிசம்பரில் தாயார் அழகம்மாள் பவழக்குன்றுக்கு வந்து, வீட்டுக்கு வருமாறு நாள்தோறும் அழுது வேண்டினார். பத்தொன்பதை எட்டிக்கொண்டிருந்த மகன் வாய் திறக்கவில்லை. விடையை எழுதிக் கொடுத்தார். தாய் வெறுங்கையோடு திரும்பினார்.

அத்தாயே 1916 ஆம் ஆண்டில் மீண்டும் வந்து மகனுடன் மலைமேல் தங்கினார். 1922 மே 19 ஆம் நாள் அவர் உயிர் பிரியும் வேளையில், நாற்பத்திரண்டு வயதான மகன் ஒரு கையைத் தாயின் மார்பிலும் மற்றொரு கையைத் தலையிலும் வைத்து, நெடுநேரம் அருகே அமர்ந்திருந்தார். மலையடியில் தாயை அடக்கம் செய்த இடத்தைச் சூழ எழுந்ததே இன்று நாம் காணும் ரமணாசிரமம். வீட்டைத் துறந்த பதினாறு வயதினரின் துணிவைப் போற்றுவார் அனைவரும், அவ்விடம் ஒரு தாயின் சமாதியைச் சுற்றி எழுந்தது என்பதை மறத்தலாகாது. அறிவு ஒரு கணத்தில் பிறக்கலாம். அது கையின் வழியே பிறர்க்குப் பயன்படும் கனியாவதற்கு ஆண்டுகள் வேண்டும். அவர் ஞானம் பதினாறிலேயே நிறைந்தது என்பர் அடியார். அதனை மறுக்க யான் தகுதியுடையேன் அல்லேன். நிறைந்ததும் நெடுங்காலம் காத்திருந்தது என்பதே யான் கூறுவது.

அங்ஙனமாயின் சட்டம் எண்ணை வைத்துக் கணக்கிடுவது பிழையோ? பிழையன்று. 1875 ஆம் ஆண்டின் சட்டம் பதினெட்டை முழு வயதாக வகுத்தது. வாக்குரிமைக்குரிய வயது இருபத்தொன்றாக இருந்து, அறுபத்தோராவது அரசியல் திருத்தத்தால் 1989 ஆம் ஆண்டில் பதினெட்டாயிற்று. நடுவர் ஒவ்வொருவர் உள்ளத்தையும் திறந்து பார்த்தல் இயலாது. ஆதலால் எல்லைக்கல் வேண்டும். ஆனால் எல்லைக்கல் வேறு, விளைச்சல் வேறு. கல் நட்டதனால் வயல் விளைந்துவிடாது.

இதனை எனக்குக் காட்டியவன் கிரிவலப் பாதையில் தேநீர் விற்ற ஒரு சிறுவன். வயது பதினான்கு இருக்கும். தந்தை நோயுற்றிருப்பதாகக் கூறினான். பால் வாங்குவதும், கடன் கணக்கு எழுதுவதும், தங்கையைப் பள்ளிக்கு அனுப்புவதும் அவனே. எங்களைப் பார்த்து, ‘அண்ணா, காலேஜில் என்ன படிக்கிறீங்க?’ என்று கேட்டான். யாங்கள் விடை கூறி முடிக்குமுன் மற்றொருவர்க்குத் தேநீர் ஆற்றச் சென்றுவிட்டான். அவ்வேளையில், அறுபது வயது எல்ஃபாக இரவெல்லாம் படை நடத்திய என் நண்பன், ஊரில் இன்னும் ஒருநாள் தங்கலாமா என்று தன் தந்தையிடம் கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருந்தான்.

நண்பனை இகழ்வதற்காக இதனை எழுதவில்லை, யானும் அவனே. அச்சிறுவனைப் புகழ்வதற்காகவும் எழுதவில்லை. நம் ஊர்களில் இருவகைப் பிழை நிகழ்கின்றது. ஏழை வீட்டுப் பிள்ளையைப் பிஞ்சிலேயே பறித்துப் புகைபோட்டுப் பழுக்கவைக்கின்றோம், அவன் வெம்பிப்போகின்றான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையைக் கனிந்த பின்னும் காம்பைவிட்டு விடாமல், ‘உனக்கென்ன தெரியும்?’ என்று கட்டி வைக்கின்றோம். அவன் மரத்திலேயே அழுகுகின்றான். ஒருவனுக்குச் சுமை உண்டு, தேர்வு இல்லை. மற்றவனுக்குத் தேர்வின் பெயர் உண்டு, சுமை இல்லை. எழுநூறு ஆண்டு கிடைத்தாலும் இவ்விருவரும் முதிர வழியில்லை. முதிர்வுக்குத் தானே தேர்ந்த செயலும், அதன் விளைவைத் தானே தாங்குதலும் வேண்டும். பிழைபட்டால் எழுந்து நிற்கச் சிறிது காலமும் வேண்டும்.

ஆதலின் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பதினெட்டு நிறைந்த மகனுக்கோ மகளுக்கோ ஒரு சிறு பொறுப்பையேனும் முழுமையாகக் கொடுங்கள். கொடுத்த பின் இடையே புகாதீர்கள். அரசினர்க்கும் ஊரார்க்கும் ஒரு வேண்டுகோள். தேநீர்க் கடையில் நிற்கும் பிள்ளைக்கு அவன் இழந்த பிள்ளைமையை, பள்ளியின் வழியாகவேனும் திருப்பித் தாருங்கள். என் தோழர்களுக்குக் கூறுவது இது. எல்ஃபு நூறாம் ஆண்டில் சூடும் பெயரை நாம் அதுவரை காத்திருந்து சூட இயலாது. நமக்கு அவ்வளவு நாள் இல்லை. பிறர் நினைவால் வாழ்வதை ஒரு செயலிலேனும் இன்றே நிறுத்திப் பார்ப்போம்.

விடுமுறை முடிந்து ஊர் திரும்பியதும் என் மாமாவுக்குக் கடிதம் எழுதினேன். அவர் காட்டிய வழியிலேயே மேலும் படிப்பேனா, வேறு வழி செல்வேனா என்பதை யானே எண்ணி ஆறு திங்களில் அறிவிப்பேன் என்று எழுதினேன். அவர் சினந்தாரல்லர். ‘நன்கு எண்ணிச் செய்’ என்று ஒரே வரியில் விடை வந்தது. அவ்வொரு வரி, எழுநூறு ஆண்டு ஆயுளினும் பெரிதாக எனக்குத் தோன்றிற்று.