'நிறுத்து' என்று யாரும் சொல்லலாம்!

குழந்தைகளே! 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றை வெட்டி அகற்றுவது லேசான வேலையல்ல. வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளை, வெட்டியதும் வில்லைப் போலத் தெறிக்கும்! இயந்திர ரம்பத்தின் இரைச்சலில், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் வெட்டுபவருக்குக் கேட்காது. பலர் சேர்ந்து கத்தினால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆகவே, கை சைகைகளை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். 'வெட்டு', 'கயிற்றை இழு' என்று சொல்ல ஒருவர் போதும். ஆனால், 'நிறுத்து' என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும்தான்! உடனே நிறுத்த வேண்டும். காரணத்தை அப்புறம் கேட்கலாம்.

நீங்களும் வேடிக்கை பார்க்கக் கிட்டே போகாதீர்கள். மர உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளியே நில்லுங்கள்!