மருந்துக்கும் சாட்சி வேண்டும்

மாரி தொடங்கிவிட்டால் வயலில் இறங்குவோரின் கால்விரல் இடுக்குகளிற் சேற்றுப்புண் காண்கிறது. படர்தாமரையும் சொறி சிரங்கும் ஒருவரைப் பற்றினால் வீடு முழுவதையும் பற்றுகின்றன. அவ்வேளை எம்மக்கள் முதலிற் கைநீட்டுவது வேப்பெண்ணெய்க்கும் மஞ்சளுக்கும் பரிசாரியார் காய்ச்சித் தரும் எண்ணெய்க்குமேயாம். இதனை அறியாமை என்று எள்ளுவோருடன் நாம் உடன்படோம். வண்டுகொல்லி எனப்படும் சீமையகத்தியின் இலையிற் பங்கசை அடக்கும் கிரிசோபானிக் அமிலம் உண்டென்பதை இரசாயன ஆய்வே காட்டியிருக்கிறது.

ஆயினும், மூலிகைக்குக் குணம் உண்டென்பது ஒன்று. புட்டியில் இருப்பது அம்மூலிகைதான் என்பது வேறொன்று. முன்னாளிற் பரிசாரியார் தம் கையாற் பறித்து, தம் அடுப்பிற் காய்ச்சி, தம் அயலவருக்கே கொடுத்தார். பிழைத்தாற் படலையில் வந்து கேட்க ஆள் இருந்தது. இன்றோ இலை ஓரூரில், காய்ச்சுவது வேறூரில், விற்பனை கடைத்தெருவில். யாரைக் கேட்பது?

மத்தன் தைலத்தை எடுத்துக்கொள்வோம். ஊமத்தை இலைச்சாறும் தேங்காயெண்ணெயும் துருசும் சேர்ந்த அம்மருந்து ஆறாத புண்ணுக்குப் பேர்பெற்றது. ஆனால் ஊமத்தை நஞ்சுடையது. துருசு அளவு மீறினாற் புண்ணையே அரிக்கும். அவ்வளவைக் கண்ணாலும் மூக்காலும் அறிதல் அரிது, ஆய்வுகூடத்தால் அறியலாம்.

இதனினும் கொடியது கலப்படம். 1999இல் இலண்டன் மருத்துவர்கள், தோல்நோய்க்குக் கொடுக்கப்பட்ட 11 சீன மூலிகைக் களிம்புகளை ஆராய்ந்தபோது, 8இல் டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீரொயிட் மறைந்திருக்கக் கண்டனர். ஸ்டீரொயிட் பூசினாற் படர்தாமரையின் சிவப்பும் அரிப்பும் தணியும். பங்கசோ தடையின்றிப் பரவும். கைகண்ட மருந்தென்று நோயாளி மகிழும்போதே நோய் வேரூன்றுகிறது. பழியோ நேர்மையான வைத்தியரின் தலையிலும் விழுகிறது.

சோதனை என்பது மாயவித்தை அன்று. இலை உரிய செடியினதா? ஈயம், இரசம், ஆசனிக்கு ஆகியன எல்லைக்குள் உள்ளனவா? மறைத்த மருந்து உண்டா? புண்ணிற் பூசுவதிலேயே கிருமி உண்டா? வினாக்கள் இவையே. மூலிகை மருந்துகளிற் சேரும் மாசுகளைச் சோதிப்பதற்கென உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே வழிகாட்டி வெளியிட்டுள்ளது.

எம்நாட்டிற் சட்டமும் இல்லாமலில்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டம் சித்தத்தையும் யூனானியையும் தன்னுள் அடக்குகிறது. 1987இன் 13ஆவது திருத்தம் சுதேச வைத்தியசாலைகளை மாகாணசபைகளின் பட்டியலிற் சேர்த்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவம் கற்பிக்கிறது. உறுப்புகள் உள, அவற்றை இயக்கும் உறுதியே வேண்டும்.

நாம் கோருவன மூன்று. சந்தைக்கு வரும் ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கப்படல் வேண்டும். சிறு உற்பத்தியாளரும் தாங்கக்கூடிய கட்டணத்தில், வடக்கிலும் கிழக்கிலுமே அதற்கு வசதி வேண்டும். உள்ளடக்கமும் காய்ச்சிய திகதியும் சுட்டுத்துண்டிலே தமிழில் இருத்தல் வேண்டும். சோதனையின் பெயரால் ஊர்ப் பரிசாரியாரை விரட்டிப் பெருங் கம்பனிகளுக்குச் சந்தையைத் தாரைவார்ப்பதை நாம் ஏற்கமாட்டோம். தரம் நிலைத்தால் மூலிகை பயிரிடும் கமக்காரனுக்கும் நியாய விலை கேட்க வலுவுண்டாகும்.

அதுவரை வாசகர் ஒன்றை மறவாதிருப்பாராக: காய்ச்சலோடு பரவும் புண்ணையும், நீரிழிவுக்காரரின் காற்புண்ணையும் எந்த எண்ணெயையும் நம்பி வீட்டில் வைத்திருத்தலாகாது, உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

உண்மைச் சாட்சி குறுக்கு விசாரணைக்கு அஞ்சுவதில்லை. நல்ல மருந்தும் சோதனைக்கு அஞ்சாது.