சாமைச் சோறும் சின்னத்திரையும்

சென்ற வாரம் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி, வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், உரலில் குத்திப் புடைத்து வடித்த சாமைச் சோற்றை மொச்சைக் குழம்புடன் நான் உண்டுகொண்டிருந்த வேளையில், அவ்வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு ஹாஸ்யக் காட்சி ஓடியது. இடுப்பில் தழையும் தலையில் இறகுமாக வந்த ‘காட்டுவாசிகள்’, பொருளற்ற ஒலிகளை எழுப்பிக்கொண்டு, பட்டணத்து நாயகனைக் கொப்பரையில் வேகவைக்க முற்பட்டார்கள். சோறு பரிமாறிய அம்மாள், “இவங்கெல்லாம் எந்த மலைங்க, ஐயா?” என்று மெய்யாகவே வினவினார். எனக்கு நா எழவில்லை.

மலையாளி என்று அரசாங்கத்தின் பழங்குடிப் பட்டியல் குறிக்கும் இம்மலை மக்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய ஐதிகம். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, விருந்தினனுக்கு முதலில் இலை போடுகிற இவர்களை நரமாமிசம் புசிப்போராகச் சித்திரிப்பதை ஹாஸ்யம் என்று ஒப்ப என் மனம் இசையவில்லை.

ஒரு சமூகத்தின் அடுக்களையை வைத்துச் சிரிக்கவே கூடாது என்பதன்று என் அபிப்பிராயம். அமெரிக்காவில் கெர்ட்ரூட் பெர்க் என்ற யூத மாது, 1929-இல் வானொலியிலும் 1949-இல் தொலைக்காட்சியிலும் தொடங்கிய ‘தி கோல்ட்பெர்க்ஸ்’ தொடரைத் தாமே எழுதி, மோலி என்னும் இல்லத்தரசியாகத் தாமே நடித்தார். மோலியின் கொச்சை ஆங்கிலத்துக்கும் மீன் பக்குவத்துக்கும் நாடே சிரித்தது. ஆனால் அந்தச் சமையலறையின் மானம் குறையவில்லை. ஹிட்லரின் கொடுமை ஓங்கியிருந்த 1939-இல், புளிப்பில்லா அப்பத்துடன் பஸ்கா விருந்துக்குக் குடும்பத்தார் அமர்ந்திருக்கையில் ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கல் வந்து விழ, மோலி குழந்தைகளைத் தேற்றி வழிபாட்டைத் தொடரச் செய்வதாக ஒரு வானொலிக் காட்சியை அவர் அமைத்தார். சிரித்துப் பழகிய செவிகளுக்கு அக்கல் விழுந்த ஓசையின் பொருள் புரிந்திருக்கும். அந்த உணவை உண்டு வளர்ந்தவர் கையிலேயே பேனாவும் இருந்ததால் அல்லவா அது சாத்தியமாயிற்று!

நம் மலைக்காட்சிகளை எழுதுவோர் சாமைச் சோற்றை ஒரு பிடியேனும் உண்டதற்கு அவர்கள் எழுத்தில் அடையாளமே இல்லை. கல்வராயன் மலையிலும் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்; மாமியார் மருமகள் பிணக்கும், சந்தைக்குப் போன கிழவரின் சாமர்த்தியமும், களி கிண்டத் தெரியாத புது மணப்பெண்ணின் தவிப்பும் அவர்களுக்குத் தெரியும். தொலைக்காட்சி நிலையத்தாரே, அடுத்த மலைக்காட்சியை அவர்களிடம் எழுதக் கொடுங்கள். நடிக்கவும் அவர்களையே அழையுங்கள்.